நடுவர் அவர்களே

பள்ளிப் பேச்சுப் போட்டிகளுக்கு நடுவராகப் போய் உட்காருவது எனக்கு இருபது வருடப் பழக்கம். வேலை பார்த்தது இன்சூரன்ஸ் அலுவலகத்தில். ஆனாலும் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கத்துத் தமிழாசிரியர்களுக்கு என்னை நன்றாகத் தெரியும். கல்லூரிக் காலத்தில் நாலு கோப்பை வாங்கியவன், கூப்பிட்டால் மறுக்காமல் வருவான், பத்து நிமிடம் முன்னாலேயே வந்து நிற்பான். ஒரு சால்வை, ஒரு பிளாஸ்டிக் கேடயம், பேப்பர் தட்டில் கேசரியும் போண்டாவும் கொடுப்பார்கள். தமிழுக்குச் செய்கிற சேவை என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன். பொய். துணி விரித்த மேசையில் பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு கூடமே என் முகத்தைப் பார்க்கும். அலுவலகத்தில் என் முகத்தை யாரும் பார்த்ததில்லை.

நடுவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று பெற்றோர்கள் என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மதிப்பெண் தாளில் ஐந்து கட்டங்கள் உண்டு: கருத்து, மொழிநடை, உச்சரிப்பு, மேடைத் தோற்றம், நேரம். ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். இதைத்தான் அவர்களிடம் சொல்வேன். சொல்லாதது வேறு. முதலில் பேசுகிற பிள்ளைக்கு நாங்கள் யாரும் முப்பத்தைந்துக்கு மேல் போடமாட்டோம். பின்னால் நன்றாகப் பேசுகிறவன் வந்தால் மேலே இடம் வேண்டுமே. சாப்பாட்டுக்கு முன்னால் கடைசியாகப் பேசுகிறவன் பாவம். பின் வரிசையில் அம்மாவின் வாய் அசைந்தால் அது மனப்பாடம், கருத்தில் ஒரு மார்க் குறையும். ஒவ்வொரு வரிக்கும் கையைத் தூக்கினால் மேடைத் தோற்றத்தில் குறையும்.

என் சொந்த வெறுப்பு ஒன்று இருந்தது. பிள்ளைகள் அடுத்த வரி மறந்துபோனால் “நடுவர் அவர்களே” என்று இழுப்பார்கள். அதற்குள் வரி ஞாபகம் வந்துவிடும். ஒரு முறை சொன்னால் மரியாதை. அதற்கு மேல் சொல்லும் ஒவ்வொரு முறைக்கும் அரை மார்க் வெட்டுவேன். இது எந்தத் தாளிலும் இல்லாத சட்டம், நானாகப் போட்டது.

இன்னொன்றும் உண்டு. அழுதால் மார்க் கிடையாது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு வருடம் ஒரு பையன் தாய்மையைப் பற்றிப் பேசினான். மூன்றாவது நிமிடத்தில் குரல் உடைந்து, தன் அம்மா இறந்த அன்று மழை பெய்ததைச் சொன்னான். மூன்று நடுவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனுக்கு முதல் பரிசு கொடுத்தோம். கோப்பையை வாங்கிக்கொண்டு கீழே இறங்கியதும் ஒரு பெண்மணி ஓடி வந்து அவன் தலையைக் கோதி, வாட்டர் பாட்டிலைத் திறந்து கொடுத்து, எங்கள் மூவரோடும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அவன் அம்மா. திருட்டு முழி எல்லாம் இல்லை, சாதாரணமாகச் சிரித்துக்கொண்டு நின்றார். அவர்களுடைய ஆசிரியர் எழுதிக் கொடுத்ததாம். இந்தக் கதையைச் சொல்லி நான் எத்தனை பேரைச் சிரிக்க வைத்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அன்றிலிருந்து மேடையில் யார் எந்தத் துக்கத்தைச் சொன்னாலும் நான் பின் வரிசையில் வாட்டர் பாட்டில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

என் மகள் பிளஸ் டூ படித்த வருடம் என் மனைவி அடையாறு ஆஸ்பத்திரியில் இருந்தாள். இந்த ஊரில் அப்படிச் சொன்னாலே என்ன நோய் என்று விளக்க வேண்டியதில்லை. புற்றுநோய் என்பது மகளுக்கும் தெரியும். தெரியாதது டிசம்பர் கடைசியில் வந்த ரிப்போர்ட். டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்து, இனிமேல் மருந்து கொடுப்பதில் பிரயோஜனம் இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், இரண்டு மூன்று மாதம் என்றார். நான் மூன்றை எடுத்துக்கொண்டேன். பொதுத்தேர்வு மார்ச்சில் முடிகிறது. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்தவளை நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று மனசுக்குள் தேதி போட்டு வைத்தேன்.

மகளிடம் ரிப்போர்ட் நன்றாக வந்திருக்கிறது என்றேன். இப்போது பார்க்கப் போனால் அம்மாவுக்குத் தொற்று வரும், பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள் என்றேன். மனைவியிடம், இந்த நிலையில் உன்னைப் பார்த்தால் அவள் பரீட்சை போய்விடும் என்றேன். இரண்டு பேரும் என் பேச்சை நம்பினார்கள், அல்லது நம்புகிறாற்போல் இருந்தார்கள். சாயந்திரத்தில் இருவரும் கொஞ்ச நேரம் போனில் பேசுவார்கள். பொங்கலுக்கு முன்பே மனைவிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. குரலைக் கேட்டால் தெரிந்துவிடும் என்று போன் பேசுவதையும் நிறுத்தினேன். அதற்குப் பதில் அவள் போனிலிருந்து நானே மெசேஜ் எழுதி அனுப்பினேன். ‘அம்மா நன்றாக இருக்கிறேன். நீ கவனமாகப் படி.’

மகள் தினமும் கேட்பாள்.

“அப்பா, அம்மாவுக்கு நெஜமாவே சரியாயிட்டு இருக்கா?”

“ரிப்போர்ட் நல்லா இருக்குன்னு சொன்னேனா இல்லையா? போய்ப் படி.”

அந்தப் பேச்சு அதற்கு மேல் ஒரு நாளும் போனதில்லை, ஏனென்றால் நான் எழுந்து போய்விடுவேன்.

பொங்கல் கழிந்து தி.நகரில் ஒரு பள்ளியில் போட்டி. பிளஸ் டூ பிள்ளைகளை ஜனவரியில் எந்தப் பள்ளியும் போட்டிக்கு அனுப்பாது. என் மகள் தானே ஆசிரியையிடம் போய் மல்லுக்கு நின்று பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தப் பள்ளியில் வருடா வருடம் நான்தான் நடுவர் என்பது அவளுக்குத் தெரியும். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. படித்துப் படித்து இறுகிப்போயிருக்கிறாள், கொஞ்சம் மனசு மாறட்டும் என்று விட்டுவிட்டேன். தலைப்பு ‘பொதுத்தேர்வு தேவையா?’ தேவை என்ற பக்கத்துக்கு நானே உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

அங்கே போனதும் பொறுப்பாசிரியையிடம், என் மகளும் பேசுகிறாள் என்று சொன்னேன்.

“அதனால என்ன சார்? மத்த ரெண்டு பேர் போடறதோட சராசரியை உங்க இடத்துல எழுதிடலாம். எப்பவும் அப்படித்தானே செய்யறோம்?” என்றார்.

அதுதான் வழக்கம். நடுவரின் சொந்தப் பிள்ளை வந்தால் நடுவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா கேட்கலாம். அன்று எனக்குக் கிடைத்திருக்க வேண்டியது அதுதான், ஐந்து நிமிடம் சும்மா கேட்பது.

“வேண்டாங்க. நானே போடறேன். என் பொண்ணுன்னு ஒரு மார்க் கூட வராது, நீங்க பாருங்க” என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மகள் ஏழாவதாகப் பேச வந்தாள். வணக்கம் சொன்னாள். நான் எழுதிய முதல் இரண்டு வரியைச் சொன்னாள். பிறகு நிறுத்தினாள். மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் மறக்கவில்லை. மைக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்துக்கொண்டாள்.

“நடுவர் அவர்களே, எங்கள் வீடுகளில் பொதுத்தேர்வு வந்தால் எல்லாமே நின்றுவிடும். டி.வி. நிற்கும். கல்யாணத்துக்குப் போவது நிற்கும். யாருக்கு என்ன ஆனாலும் எங்களிடம் சொல்வது நிற்கும். என் தோழியின் தாத்தா இறந்து காரியமெல்லாம் முடிந்த பிறகு, அவள் கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வந்ததும்தான் சொன்னார்கள். அதுவரை தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.”

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். நான் ‘எழுதியதை விட்டு விலகுகிறாள்’ என்று ஓரத்தில் குறித்தேன்.

“நடுவர் அவர்களே, என் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவருக்கு போனில் எழுதவே பிடிக்காது. எதுவானாலும் குரலாகத்தான் அனுப்புவார். நடுவில் குக்கர் விசிலும் கேட்கும். பத்து நாளாக எழுத்தாக வருகிறது. ஒவ்வொரு வரிக்கும் முற்றுப்புள்ளி இருக்கிறது. எங்கள் வீட்டில் மெசேஜுக்கு முற்றுப்புள்ளி வைப்பவர் ஒருவர்தான்.”

முதல் மணி அடித்தது. இன்னும் ஒரு நிமிடம் என்று அர்த்தம். அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கை இரண்டும் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

“நடுவர் அவர்களே, தேர்வு தேவையா என்று எனக்குத் தெரியாது. பரீட்சையை ஜூனில் எழுதலாம். அடுத்த வருடம் எழுதலாம். அம்மாவை அடுத்த வருடம் பார்க்க முடியுமா என்று மட்டும் எனக்கு யாராவது சொல்ல வேண்டும், நடுவர் அவர்களே.”

நன்றி சொல்லவில்லை. இரண்டாவது மணிக்கு முன்னாலேயே இறங்கிப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு முதலில் வந்தது துக்கம் என்று எழுதத்தான் ஆசை. வந்தது வெட்கம். அதன் பின்னாலேயே கோபம். வீட்டு விஷயத்தை ஊர் பேர் தெரியாத முந்நூறு பேர் முன்னால் போட்டு உடைத்துவிட்டாளே என்று காது இரண்டும் சூடாகிவிட்டது. அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பது அந்தக் கோபத்துக்குக் கீழே எங்கேயோ கிடந்தது. என் கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. தலைப்பின் எந்தப் பக்கமும் பேசவில்லை, கருத்தில் நாலு குறை. ஏற்ற இறக்கம் இல்லை, இரண்டு குறை. நடுவரை நாலு முறை விளித்தாள், முதல் முறை போக மூன்று, ஒன்றரை குறை. நன்றி இல்லை, ஒன்று குறை. கூட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நடுவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவருடைய தாளை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். கருத்துக்குப் பத்துக்குப் பத்து போட்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்தார்.

“சார், உங்க பொண்ணுதானே? வீட்டுல அவங்களுக்கு… அவ்வளவு முடியலையா?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் இருந்தது. ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார். எழுந்து போங்க சார், பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போங்க என்று சொல்லியிருப்பார்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. போட்டிக்குன்னு சேர்த்துக்கிட்டா” என்றேன். சிரிக்கவும் செய்தேன்.

அவர் முகம் மாறியது. கைப்பையைத் திறந்து ரப்பரை எடுத்தார். பத்தை அழித்தார். மெதுவாக, தாள் கிழியாமல், ஊதி ஊதி அழித்துவிட்டு ஐந்து என்று எழுதினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முடிவு சொல்வதற்கு முன் நடுவர்களில் ஒருவர் பொதுவாகக் கருத்துரை சொல்வது வழக்கம். அவரைத்தான் கூப்பிட்டார்கள். உச்சரிப்பைப் பற்றிச் சொன்னார், நேரத்தைப் பற்றிச் சொன்னார். கடைசியில், “ஒரு விஷயம், கண்ணுங்களா. பரிசுக்காக வீட்டுல இல்லாத கஷ்டத்தை இருக்கறதா மேடையில சொல்லாதீங்க. பெத்தவங்க மனசு என்ன பாடுபடும்?” என்றார். யார் பெயரையும் சொல்லவில்லை. நல்ல மனுஷி, அன்பாகத்தான் சொன்னார். என் மகள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

திரும்பும்போது ஆட்டோவில் என் மடியில் சால்வையும் கேடயமும் இருந்தன. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

“இன்னா சார், கப்பு உனக்கு குட்த்தாங்களா? பாப்பாக்கு இல்லியா?”

நான் சால்வையை எடுத்துக் கேடயத்தின்மேல் போட்டு மூடினேன். கொஞ்ச தூரம் போனதும் மகள் கேட்டாள்.

“அந்த மேடம்கிட்ட என்னப்பா சொன்னீங்க?”

“நடுவருங்க பேசிக்கறதை வெளியில சொல்லக்கூடாது.”

“நான் பேசினதைக் கேட்டீங்களா?”

“கேட்டேன். நடுவர் அவர்களேன்னு நாலு தடவை சொன்னே. ஒன்றரை மார்க் போச்சு” என்றேன்.

இதை நான் சொன்னேன். வேறு யாரோ சொன்னதாக நினைத்துக்கொள்ள எவ்வளவோ முயன்றிருக்கிறேன். அவளுடைய அத்தனை பேச்சுக்கும் என் வாயிலிருந்து வந்தது இதுதான்.

அவள் கோபப்படவில்லை. நந்தனம் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, “இன்னைக்கு அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போய் அம்மாவைப் பாக்கலாமாப்பா? வாசல்ல நின்னு பாத்துட்டு வந்துடறேன். உள்ள வரலை” என்றாள்.

கோட்டூர்புரம் பாலத்துக்குப் பிரிகிற இடம் வந்துகொண்டிருந்தது. அங்கே திரும்பினால் கால் மணியில் ஆஸ்பத்திரி. ஆட்டோக்காரர் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் வந்தார் போலிருக்கிறது. வேகத்தைக் குறைத்தார்.

“இன்னா சார், திருப்பட்டா? பக்கத்துலதான் கீது.”

“நேரா போப்பா” என்றேன். மகளிடம், “பரீட்சை முடியட்டும்மா” என்றேன்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. காலையில் எழுந்தாள், படித்தாள், நான் வைத்த சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டாள், பள்ளிக்குப் போனாள். கேட்காமல் விட்டுவிட்டாளே, பக்குவம் வந்துவிட்டது என்று நான் நிம்மதிப்பட்டேன். அவ்வளவு மக்கு நான். அம்மாவின் போனிலிருந்து மெசேஜ் அனுப்புவதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

கேட்டது என் மனைவி. நான் கட்டிலருகில் போய் உட்கார்ந்ததும் முதல் கேள்வி அதுதான்.

“ஏங்க, பாப்பா எப்ப வருவா?”

“பரீட்சை முடிஞ்சதும் வருவா.”

“எப்ப முடியுது?”

தேதியைச் சொல்வேன். விரலை மடக்கிப் பார்ப்பாள். மறுநாள் மறுபடியும் அதையே கேட்பாள். பிப்ரவரியில் பேச்சு குறைந்துவிட்டது. பாதி நேரம் மயக்கம்தான். ஆனாலும் நான் உள்ளே நுழையும்போது கண்ணைத் திறந்து, என்னைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் கதவைப் பார்ப்பாள். கூட யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். அதைத் தினமும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, மகளுக்கு அருகில் ஹார்லிக்ஸ் தம்ளரை வைத்துவிட்டு, ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்று என்னால் சொல்ல முடிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எப்படி முடிந்தது என்று தெரியவில்லை.

டாக்டர் சொன்ன இரண்டு மூன்று மாதத்தில் இரண்டுகூட முழுதாக இல்லை. பரீட்சைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு காலை, விடிந்து வெயில் ஜன்னலுக்கு வந்த பிறகு அவள் போய்விட்டாள். வெளியே வராந்தாவில் இருந்த என்னை நர்ஸ் கூப்பிடுவதற்குள் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் கையெழுத்தெல்லாம் போட்டுவிட்டு மயிலாப்பூரில் வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். முதலில் உட்காரச் சொல்ல வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், பிறகு மெதுவாக ஆரம்பிக்க வேண்டும். எத்தனை பிள்ளைகளுக்குப் பேச்சு எழுதிக் கொடுத்தவன். கதவைத் திறந்தபோது மகள் யூனிஃபார்மில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் வேதியியல் புத்தகம். என் முகத்தைப் பார்த்தாள்.

“எப்பப்பா?” என்றாள்.

“ஏழு மணிக்கு” என்றேன்.

புத்தகத்தை மூடினாள். தலைமுடியைக் கட்டியிருந்த ரிப்பனை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் பக்கத்தில் போயிருப்பேன். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். அவள் எழுந்து என் எதிரில் வந்தாள்.

“கடைசியில அம்மா என்னைக் கேட்டாங்களா?”

ஐம்பது நாளாக வாய் கூசாமல் பொய் சொன்னவன் நான். மயக்கத்திலேயே இருந்தாள், யாரையும் தெரியவில்லை, நிம்மதியாகப் போய்விட்டாள் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் இனிமேலாவது இவளிடம் மறைக்கக்கூடாது என்று அந்த நேரம் பார்த்து எனக்கு ஞானம் வந்துவிட்டது.

“கேட்டாம்மா. தினமும் கேட்டா” என்றேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்த பிறகுதான், அத்தனை நாளில் அவளிடம் மறைத்திருக்க வேண்டியது அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரிந்தது.